பால் பல்லுக்கு மயக்க மருந்தா?

கேள்வி: அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு, பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். கீழே இரண்டு, மேலே ஒன்று என்று மூன்று கடைவாய்ப் பல் சொத்தை. கீழ்ப் பல் ஒன்றில் இரண்டு முறை சீழ் கட்டிக் கன்னம் வீங்கி, மருந்து கொடுத்து அடங்கியது. போன மாதம் பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். என் தம்பி கையைப் பிடிக்க, நான் காலைப் பிடிக்க, நர்ஸ் தலையை அமுக்க, வாந்தி எடுத்துவிட்டான். வேலையும் நடக்கவில்லை. இப்போது பைக் அந்தக் கடைத்தெருப் பக்கம் திரும்பினாலே அலறுகிறான். தஞ்சாவூரில் இன்னொரு டாக்டர் மயக்கம் கொடுத்துச் செய்யலாம் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் என் கணவர் "எதற்கு ரிஸ்க், மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்கிறார். மாமியார் "விழுந்து முளைக்கப்போற பல்லுக்கு மயக்க மருந்தா" என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: மூளை, ரிஸ்க் எல்லாவற்றையும் அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பிடித்து அமுக்கிய விஷயம். உங்களைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளையின் வலியைத் தீர்க்கத்தானே பிடித்தீர்கள். ஆனால் இன்னொரு முறை அது வேண்டாம். நாற்பது வயதைத் தாண்டி வாய் முழுக்கக் கெட்டுப்போய் என்னிடம் வருகிறவர்களிடம் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டால், பலரும் சொல்வது சின்ன வயதில் யாரோ காலைப் பிடித்துக்கொண்டு பல்லைப் பிடுங்கிய கதையைத்தான். அந்த வலி மறந்துவிடுகிறது, பிடித்த கை மறப்பதில்லை. அதிலும் பெற்றவர்களின் கை.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. முன்பல் ஆறு, ஏழு வயதில் விழ ஆரம்பித்துவிடும். கடைவாய்ப் பால் பல் அப்படி இல்லை, அது விழப் பத்து முதல் பன்னிரண்டு வயது ஆகும். இன்னும் நாலைந்து வருஷம் அவன் அந்தப் பற்களால்தான் மெல்ல வேண்டும். தவிர, வேரில் சீழ் நின்றால் அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப் பல்லையும் அது கெடுக்கலாம். சீக்கிரமே பிடுங்கிவிட்டு அப்படியே விட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, வரப்போகிற பல்லுக்கு இடம் இல்லாமல் போகும். இன்னொன்று, அத்தையிடம் ஒரு டார்ச்சைக் கொடுத்துப் பேரன் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு வயதில் பால் பற்களுக்கெல்லாம் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால் அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதுதான் ஆயுசு முழுக்க இருக்கப்போகிற பல். பக்கத்தில் சொத்தை இருந்தால் அதற்கும் ஆபத்துதான்.

சரி, மயக்கத்துக்கு வருவோம். நம் ஊரில் வெயிலில் நடவு நட்டுத் தலை சுற்றினாலும் மயக்கம், ஆபரேஷன் தியேட்டரில் மூச்சுக்குக் குழாய் போட்டாலும் மயக்கம். ஒரே சொல் என்பதால் பயமும் ஒன்றாகிவிடுகிறது. தஞ்சாவூர் டாக்டர் எந்த மயக்கத்தைச் சொன்னார் என்று கேட்டீர்களா? மூன்று வகை இருக்கிறது.

முதலாவது மூக்கில் சின்ன மாஸ்க் வைத்து, ஆக்சிஜனோடு கலந்து கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு. 1844இல் அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் இதை இழுத்துக்கொண்டு தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். அன்றிலிருந்து பல் வைத்தியத்தோடு கூடவே வருகிற மருந்து. பிள்ளை தூங்காது, கேட்டால் பதில் சொல்லும், கை கால் லேசாகி ஒரு மிதப்பு வரும், அவ்வளவுதான். முடிந்ததும் ஐந்து நிமிஷம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். ஆனால் மாஸ்க்கை வைக்கவிட்டு மூக்கால் மூச்சு இழுக்கிற பிள்ளைக்குத்தான் இது வேலை செய்யும். மூக்கடைத்திருந்தாலோ கத்திக்கொண்டிருந்தாலோ பலன் இல்லை. இன்றைய நிலையில் உங்கள் பையன் இதற்கு ஒத்துழைப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, குடிக்கக் கொடுக்கும் மருந்து, பெரும்பாலும் மிடாசோலம். மகா கசப்பு, அதனால் இனிப்பான ஏதாவது ஒன்றில் கலந்து கொடுப்பார்கள். எடை பார்த்துத்தான் அளவு. இருபது, முப்பது நிமிஷத்தில் சொக்கிப்போவான், நடந்தது பெரும்பாலும் நினைவில் நிற்காது. சில பிள்ளைகளுக்கு மட்டும் தலைகீழாகி அழுகையும் முரண்டும் கூடும், அது யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்த இரண்டு வகையிலும் பல்லை மரக்கவைக்கும் ஊசி உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பயத்தைக் குறைப்பது மயக்கம், வலியை நிறுத்துவது ஊசி.

மூன்றாவது முழு மயக்கம். மயக்க மருந்து டாக்டர் கொடுப்பது, ஆஸ்பத்திரி தியேட்டரில் மட்டும். மூன்று பல் வேலையையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மூளையைப் பற்றி உங்கள் கணவர் பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஓர் எச்சரிக்கை விட்டது. அது மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு, மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ திரும்பத் திரும்பவோ முழு மயக்கம் கொடுப்பதைப் பற்றியது. 2019இல் வெளியான பல நாடுகள் சேர்ந்து செய்த ஆய்வில், கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஒரே ஒரு முறை மயக்கம் வாங்கிய பிள்ளைகளை ஐந்து வயதில் சோதித்துப் பார்த்தார்கள். அறிவு வளர்ச்சியில் மற்றப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் மகனுக்கு ஆறு வயது, ஒரு தடவை, மூன்று பல். இந்தத் தகவலை அப்படியே அவருக்கு அனுப்புங்கள்.

அவர் பயப்பட வேண்டியது வேறு இடத்தில். மயக்கத்தில் குழந்தைக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் மூச்சில்தான். நாக்கு பின்னால் சரிவது, மூச்சு மெதுவாகிப்போவது, அதை யாரும் கவனிக்காமல் விடுவது. ஆகவே டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: மருந்தை யார் கொடுக்கிறார்கள், நீங்கள் பல்லைப் பார்க்கும்போது பிள்ளையின் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேறு ஒருவர் இருக்கிறாரா, விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி கடைசிவரை மாட்டியிருக்குமா, மூச்சு குறைந்தால் கொடுக்க ஆக்சிஜனும், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள், நல்ல டாக்டர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். சொக்கவைக்கும் மருந்தையும் நானே கொடுத்து, பல்லையும் நானே குடைந்து, பிள்ளையையும் நானே பார்த்துக்கொள்வேன் என்று ஒருவர் சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சளி, வீசிங், இரவில் பலத்த குறட்டை, டான்சில் வீக்கம், குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் வந்த சிக்கல், எதையும் மறைக்காதீர்கள். சளி பிடித்திருந்தால் தள்ளிப்போடுவார்கள், தள்ளிப்போடட்டும்.

வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதில் நம் வீடுகளில்தான் எத்தனை இடறல். இட்லி, சாதம், பால் எல்லாம் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும், எண்ணெய்ப் பலகாரம் என்றால் எட்டு மணி நேரம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை தரலாம். வேதாரண்யம் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஒரு குடும்பம் வந்தது. தியேட்டர் தயார், மயக்க டாக்டர் வந்துவிட்டார். உடுப்பு மாற்றும்போது பையனின் டவுசர் பாக்கெட்டிலிருந்து பாதி கடித்த முறுக்கு ஒன்று கீழே விழுந்தது. "பச்சைப் புள்ள பட்டினி கிடக்குதேன்னு பஸ்ல ஒரு வா பாலும் குடுத்தேன்" என்று அவன் அப்பாயி அழுதார். அன்று வேலையை நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். இன்றைக்கும் அதையேதான் செய்வேன். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பால் பார்க்கத்தான் தண்ணீர் மாதிரி, வயிற்றுக்குள் போனால் தயிராகத் திரிந்து சோறு மாதிரி நின்றுவிடும். அத்தையையும் உட்காரவைத்து இதைச் சொல்லிவிடுங்கள்.

மூன்று பல்லுக்கும் மயக்கம் தேவையா என்பதை எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். சொத்தை ஆழமாகப் போகாமல் இருந்தால் சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்று ஒரு மருந்து இருக்கிறது, மெஷினும் வேண்டாம் ஊசியும் வேண்டாம், தடவினால் போதும். சொத்தை நின்ற இடம் கறுப்பாகிவிடும், கடைவாயில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? சில பற்களில் குடையாமலே ஸ்டீல் கேப் மாட்டிவிடலாம். இரண்டு முறை சீழ் கட்டிய பல்லுக்கு மட்டும் இதெல்லாம் உதவாது. அதை வேர்வரை சுத்தம் செய்ய வேண்டும், அல்லது எடுத்துவிட்டு இடம் காக்கும் கம்பி போட வேண்டும்.

நானாக இருந்தால் இப்படித்தான் முடிவெடுப்பேன். இரண்டு பல் லேசாக இருந்தால் அவற்றுக்குத் தடவும் மருந்து, சீழ் பல் ஒன்றுக்கு மட்டும் குடிக்கும் மயக்க மருந்து கொடுத்து வேலை. மூன்றுமே ஆழம் என்றால், இவ்வளவு பயந்த பிள்ளையை நாலு தடவை அலைக்கழிக்காமல் ஒரே தடவையில் முழு மயக்கம். குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு படித்தவரைத் தேடுங்கள். தனியார் செலவு கட்டாது என்றால் சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நடுவில் கன்னம் கண்வரை வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ அப்பாயின்ட்மென்ட் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அதுவரை வீட்டில் ஒன்று செய்யுங்கள். "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்பதை இன்றோடு எல்லோரும் நிறுத்திவிடுங்கள். புது டாக்டரிடம் முதல் முறை எந்த வேலையும் செய்யாமல் திரும்பி வரப் போங்கள். நாற்காலியை ஏற்றி இறக்கிக் காட்டுவார், காற்றைக் கையில் அடித்துக் காட்டுவார், பல்லை எண்ணுவார், வந்துவிடலாம். அன்றைக்கு "சும்மா பார்க்கத்தான்" என்று சொன்னால் அது சும்மாவாகவே இருக்க வேண்டும். "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள், முதல் ஊசியிலேயே பொய் என்று கண்டுபிடித்துவிடுவான்.

வேலை முடிந்த அன்று பைக்கில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிவராதீர்கள், கார் பிடியுங்கள், கூட இன்னொரு பெரியவர் வரட்டும். உதடு மரத்திருக்கும்போது கடித்துப் புண்ணாக்கிக்கொள்வான், இரண்டு மூன்று மணி நேரம் கண் அவன் வாய்மேலேயே இருக்கட்டும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற காலமாக இருந்தால், அன்று முழுக்க அவனைத் தனியாக வாசல் தாண்ட விடாதீர்கள், தூக்கக் கலக்கத்தில் கால் நிற்காது. அப்புறம், கண் முழிக்கும்போது உங்களைப் பக்கத்தில் இருக்கவிட வேண்டும் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முழித்ததும் அவன் தேடுவது உங்களைத்தான்.