படகு இன்ஜினுக்கு எந்தத் தண்ணீர்? பினாங்கு வாசகர்கள் கேட்டவை

சூட்டைத் தணிக்கக் கடல் தண்ணீர் நேராக உள்ளே ஓடும் பழைய டீசல் இன்ஜின். படகோடு மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா? (தெலுக் பஹாங்)

மலிவுக்குக் காரணம் இருக்கும். உப்புத் தண்ணீர் ஓடும் இன்ஜினை 60 டிகிரி வாக்கில்தான் ஓட்ட முடியும். அதற்கு மேல் சூடேறினால் உப்பும் சுண்ணாம்பும் உள்சுவரில் படிந்துவிடும், வெந்நீர்க் கெட்டிலின் அடியில் படிவது மாதிரி. பணம் கொடுக்கும் முன் எக்ஸாஸ்ட் எல்போவை (புகை வெளியேறும் வளைகுழாய்) கழற்றச் சொல்லி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால், சிரித்துக்கொண்டே விடைபெறுங்கள்.

இருக்கிற இன்ஜினையே கூலன்ட் (சூட்டைத் தணிக்கும் திரவம்) ஓடும் வகைக்கு மாற்றினால்?

புது இன்ஜின் என்றால் தாராளமாக. பத்து வருடம் உப்பு குடித்ததற்கு வேண்டாம். அரித்த இரும்பு திரும்ப வளராது. அப்புறம், பழைய துருவும் கிளம்பி வந்து கூலன்ட்டின் சூட்டைக் கடல் தண்ணீருக்கு மாற்றும் புது ஹீட் எக்ஸ்சேஞ்சரை அடைக்கும்.

என்னுடையது கூலன்ட் வகைதான். கூலன்ட்டும் நிறைய இருக்கிறது. ஆனாலும் சூடு காட்டும் முள் ஏறுகிறதே? (பத்து மாவுங்)

பலரும் சறுக்கும் இடம் இது. கூலன்ட் சுமந்து வரும் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போவது அதே கடல் தண்ணீர்தான். அது வராவிட்டால் கூலன்ட் என்ன செய்யும்? முதலில் ஸ்ட்ரெயினரை, அதாவது கடல் தண்ணீர் வரும் வழியில் உள்ள வடிகட்டியை, திறந்து பாருங்கள். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஆழம் குறைவு, சேறு அதிகம். போதாக்குறைக்குப் பிளாஸ்டிக் பை, சொறிமீன் எல்லாம் வரும். அடுத்தது ரப்பர் இம்பெல்லர், கடல் தண்ணீரை இழுக்கும் பம்புக்குள் சுற்றும் இதழ்ச் சக்கரம். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் ஒரு நிமிடத்திலேயே கருகலாம்.

ஒருமுறை என் படகில் இம்பெல்லரைக் கழற்றினேன். ஆறு இதழில் மூன்றைக் காணோம். புதிதைப் போட்டும் சூடு குறையவில்லை. மறுநாள் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மூடியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. மூன்று துண்டும் குழாய்களின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தன. உடைந்த இதழை எண்ணாமல் மூடாதீர்கள். இம்பெல்லரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் சரி.

நம் ஊரில் பனியே இல்லை. கூலன்ட்டுக்குப் பதிலாகப் பச்சைத் தண்ணீர் போதாதா?

போதாது. உறையாமல் காப்பது மட்டும் அதன் வேலை இல்லை; துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். பாதிக்குப் பாதி கலக்குங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் நல்லது, குழாய்த் தண்ணீர் வேண்டாம். வேறு வேறு வகைக் கூலன்ட்டை ஒன்றாக ஊற்றாதீர்கள், கூழாகிவிடலாம்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரில் இருக்கும் சிங்க் கட்டி கரைந்துகொண்டே போகிறது. கோளாறா? (தஞ்சோங் தோக்கோங்)

இல்லை, அது கரைவதற்கென்றே வைத்தது. செம்புக் குழாய்க்குப் பதில் அது அரிபடும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். கரையாமல் பளபளவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.