பள்ளியில் டேப் கட்டாயமா? முதலில் அந்தக் கையெழுத்தைப் பார்ப்போம்

கேள்வி: ஐயா, திருமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். மகள் இங்கே ஒரு மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு. மகன் அதே பள்ளியில் நான்காம் வகுப்பு. நான் வீட்டில் தையல் வேலை பார்க்கிறேன், கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இந்த வருடம் ஆறாம் வகுப்பில் இருந்து எல்லோருக்கும் டேப் கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். பெற்றோர் கூட்டத்தன்று கம்பெனிக்காரர் ஒருவர் பள்ளியிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். டேப், மூன்று வருடப் பாடம் இரண்டும் சேர்த்து 24,000 ரூபாய், மாதம் 2,000 வீதம் 12 மாதம், வட்டி கிடையாது என்றார். ஆதார், பான், பாஸ்புக் நகல் எல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். என் போனில் ஏதோ செயலியைத் திறந்து, வந்த ஓடிபியைச் சொல்லச் சொன்னார். 1,180 ரூபாய் ரொக்கமும் வாங்கினார். இது நேற்று நடந்தது. டேப் இன்னும் வரவில்லை. வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். டேப்பில் படிப்பது நல்லதா, கெட்டதா? வாங்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடுவாளா? சின்னவன் போர்டில் எழுதுவது சரியாகத் தெரியவில்லை என்கிறான். அவனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று மிஸ் சொல்கிறார். வாங்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலமே போனில் பேசிவிட்டோம். இதே மேசையில் உட்கார்ந்து ஓடிபி சொன்னவர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேட்காமல் விட்ட நான்காவதுதான் அவசரம்: அந்த ஓடிபி எதற்கு? ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் கடன் வாங்க நீங்கள் கொடுத்த சம்மதம் அது. நிறுவனம் மொத்தப் பணத்தையும் டேப் கம்பெனிக்குக் கொடுத்துவிடும். மாதத் தவணையை உங்கள் கணக்கில் பிடித்துக்கொள்ளும். பள்ளியின் பெயர் அந்த ஒப்பந்தத்தில் எங்கேயும் இருக்காது. நாளைக்கு டேப் உடைந்தாலும், கம்பெனி கடையைச் சாத்தினாலும், பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்தாலும் மாதம் 2,000 போய்க்கொண்டே இருக்கும்.

வட்டி இல்லை என்றாராம். அந்த 1,180 எப்படி வந்தது தெரியுமா? 1,000 ரூபாய் செயலாக்கக் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 180. கணக்கு வாத்தியார் நான், இந்த எண்ணைப் பார்த்ததுமே பிடிபட்டுவிட்டது. மீதி வட்டி டேப்பின் விலைக்குள் ஒளிந்திருக்கும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதிவிட்டது. அப்புறமும் எல்லாக் கடை வாசலிலும் அந்தப் பலகை தொங்குகிறது.

சரி, வெளியே வர வழி உண்டா? உண்டு, ஆனால் நாள் கணக்கு. செயலி வழியாகக் கொடுக்கும் கடனில், வாங்கியவர் மனம் மாறினால் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒரு அவகாசம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டது; 2025-ல் அதைப் புதுப்பித்திருக்கிறார்கள். குறைந்தது ஒரு நாள். சில நிறுவனங்கள் கூடுதலாகக் கொடுக்கும். உங்களுக்கு எத்தனை நாள் என்பது, கடனின் முக்கிய விவரங்களைச் சொல்லும் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற தாளில் இருக்கும். அந்தத் தாள் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். போனுக்கு வந்த குறுஞ்செய்திகளைத் தேடுங்கள். அதில் லிங்க் இருக்கும். தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த கம்பெனிக்காரரையே கூப்பிட்டுக் கேட்காதீர்கள். "ரெண்டு நாள் பொறுங்கக்கா, நானே முடிச்சுத் தர்றேன்" என்பார். அந்த இரண்டு நாளில் அவகாசம் முடிந்துவிடும்.

இரண்டு பேருக்கு எழுத வேண்டும். நிதி நிறுவனத்துக்கு: இன்ன தேதியில் வாங்கிய கடனில் இருந்து அவகாசக் காலத்துக்குள் விலகுகிறேன். டேப் கம்பெனிக்கு: டேப் வேண்டாம், வாங்கிய பணத்தை நிதி நிறுவனத்துக்கே திருப்புங்கள். இரண்டும் மின்னஞ்சலில் போகட்டும், நகல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் ரத்து செய்துவிட்டு மற்றதை மறந்தவர்கள், கையில் டேப் இல்லாமல் கடன் மட்டும் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெட்டி வீட்டுக்கு வந்தால் பிரிக்க வேண்டாம். செயலாக்கக் கட்டணம் திரும்புவது சந்தேகம். அதற்கு ரசீது கொடுத்தாரா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். "கணக்கில் பணத்தை எடுத்துவிடு, அப்புறம் எப்படிப் பிடிப்பான்?" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். தவணை திரும்பினால் வங்கி ஒரு கட்டணம் போடும், நிதி நிறுவனம் ஒரு கட்டணம் போடும், யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று பதிந்து வைக்கும் சிபிலில் உங்கள் பெயர் கெடும். நாளைக்கு லோடு ஆட்டோவுக்கு எஃப்சி செலவு என்று ஒரு சின்னக் கடன் கேட்டுப் போனால் அங்கே இது வந்து நிற்கும். வங்கிக்குப் போய், கணக்கில் தவணையைத் தானாகப் பிடிக்கிற ஆட்டோ டெபிட்டை நிறுத்தினாலும் கடன் நிற்காது. வசூலிக்கிற குழாய் மட்டும்தான் அடைபடும். படிப்புச் செயலிகளுக்கு ஆட்டோ டெபிட் கொடுக்கவே வேண்டாம் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரில் ஒரு அறிவுரை வெளியிட்டது. அது உங்கள் ஊர்ப் பெற்றோர் கூட்டம் வரை வந்து சேரவில்லை. மேசை மட்டும் வந்துவிட்டது.

அந்த மேசையைப் பற்றியும் சொல்கிறேன். நான் 31 வருடம் வாத்தியார், கடைசி ஆறு வருடம் தலைமையாசிரியர். அப்போது ஒருவர் வந்தார், நல்ல சட்டை, நல்ல பேச்சு. நூறு பெற்றோர் கையெழுத்துப் போட்டால் ஆசிரியர்களுக்குப் பத்து டேப் இலவசம், மேற்கொண்டு "நிர்வாகத்துக்கு ஏதாவது செய்வோம் சார்" என்றார். அந்த 'ஏதாவது' எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. ஆனால் உங்கள் 24,000-க்குள்தான் இருக்கும். சாதாரண டேப் ஒன்று மதுரைக் கடைகளில் பத்து, பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைக்கிறது. மீதி "பாடத்துக்கு" என்பார்கள். அந்தப் பாடமும் வாடகைக்குத்தான். மூன்று வருடம் முடிந்தால் பூட்டிக்கொள்ளும். சில டேப்களில் கம்பெனியின் பூட்டு மென்பொருள் இருக்கும். காலக்கெடு முடிந்ததும் அது காய்கறி நறுக்குகிற பலகைக்குத்தான் ஆகும்.

இனி உங்கள் முதல் கேள்வி. திரையில் படிப்பது நல்லதா, கெட்டதா? என் பதில்: வகுப்புக்கு ஒரு திரை நல்லது, பிள்ளைக்கு ஒரு திரை வேண்டாம்.

முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் 180 பாகை என்று கரும்பலகையில் எத்தனையோ வருடம் எழுதிப் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் நம்பினார்கள், அவ்வளவுதான். ஜியோஜிப்ரா என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டுத்தொகை மட்டும் அசையாது. முதல் தடவை அதைக் காட்டியபோது கடைசி பெஞ்சில் இருந்த ஒருவன் எழுந்து வந்து, "நான் இழுக்கிறேன் சார், உடைச்சுக் காட்டுறேன்" என்றான். ஐந்து நிமிடம் முயன்றான், முடியவில்லை. நாற்பது பேரும் பார்த்தார்கள். அதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கணினி, ஒரே ஒரு புரொஜெக்டர். அதே படத்தை நாற்பது டேப்பில் கொடுத்திருந்தால், நான்கு பேர் முக்கோணத்தை இழுத்திருப்பார்கள். மீதிப் பேர் வேறு எதையாவது இழுத்திருப்பார்கள்.

இது என் அனுபவம் மட்டுமில்லை. கணினிக்கு நிறையப் பணம் கொட்டிய நாடுகளில், பிள்ளைகளின் வாசிப்பும் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொள்ளும்படி உயரவில்லை என்று, பணக்கார நாடுகள் பெரும்பாலும் சேர்ந்திருக்கும் ஓஈசிடி அமைப்பு 2015-ல் அறிக்கை கொடுத்தது. 2023-ல் யுனெஸ்கோவும் யாருடைய வசதிக்காக இந்தத் தொழில்நுட்பம் என்ற கேள்வியோடு பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. சுவீடன் அச்சுப் புத்தகத்துக்கே திரும்பக் காசு ஒதுக்கியது. நம் ஊரில் இப்போதுதான் மேசை போடுகிறார்கள்.

டேப்பில் கொடுக்கும் வீட்டுப்பாடம் பெரும்பாலும் நான்கில் ஒன்றைத் தொடுகிற ரகம். பச்சை வந்தால் சரி, சிவப்பு வந்தால் அடுத்ததைத் தொடு. வழிமுறை எழுதுகிற பழக்கம் போய்விடும். உங்கள் மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை மூன்று மணி நேரம் பேனாவால், காம்பஸ் வைத்து, தாளில்தான் எழுதப்போகிறாள். அந்தக் கைக்கு இப்போதிருந்தே வேலை கொடுக்க வேண்டும்.

அதனால் பின்தங்க மாட்டாள். அவளுடைய சமச்சீர் பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 2018-ல் தொடங்கி மாற்றிய புத்தகங்களில் பாடத்துக்குப் பாடம் கியூஆர் கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். உங்கள் போனைக் காட்டினால் வீடியோ வரும். மணற்கேணி என்ற அரசுச் செயலியிலும் ஆறாம் வகுப்பில் இருந்து பாடங்கள் தமிழில் இருக்கின்றன. கல்வித் தொலைக்காட்சி 2019-ல் இருந்து ஓடுகிறது. எல்லாம் இலவசம். 24,000 ரூபாய்க்கு விற்கிற பாடமும் இதே பாடத்திட்டம்தான், கொஞ்சம் கூடுதல் பின்னணி இசையோடு. லீவு நாளில் மதுரைக்கு வந்தால் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குழந்தைகள் பகுதியில் அவளை விட்டுவிட்டு நீங்கள் மாசி வீதியில் நூல், பட்டன் வாங்கிவிட்டு வரலாம்.

சின்னவன் விஷயம் வேறு. இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

போர்டு தெரியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் முதலில் போக வேண்டிய இடம் கண் மருத்துவமனை. எனக்குத் தெரிந்து இப்படி வருகிற பத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கிட்டப்பார்வைதான். கண்ணாடி போட்டால் தீர்ந்தது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு டேப் வாங்கிக் கொடுத்தால் அவன் அதைக் கண்ணுக்கு இன்னும் பக்கத்தில் வைத்துக்கொள்வான், அவ்வளவுதான் பலன். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் இருந்து இருக்கிறது. திருமங்கலத்தில் இருந்து ஒரு பஸ். இதற்கு யாரையும் சிபாரிசு கேட்க வேண்டியதில்லை.

ஆனால் கண்ணாடி போட்டும் பார்வை முழுதாகத் திருந்தாத பிள்ளைகள் உண்டு. குறைபார்வை என்பார்கள். உங்கள் மகன் அப்படி என்றால், மேலே நான் டேப்பைத் திட்டியதை எல்லாம் அழித்துவிடுங்கள். அவனுக்கு அது ஆடம்பரமில்லை, மூக்குக் கண்ணாடி மாதிரி ஒரு கருவி. எழுத்தைப் பெரிதாக்கலாம், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றலாம், போர்டைப் படம் பிடித்து விரித்துப் பார்க்கலாம். பார்வையே இல்லாத பிள்ளைக்கு, ஆண்ட்ராய்டில் இருக்கும் டாக்பேக் என்ற வசதி திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும். கணினியில் என்விடிஏ என்ற இலவச மென்பொருள் தமிழும் வாசிக்கும். காது கேளாத பிள்ளைக்கு எழுத்து ஓடுகிற வீடியோ. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற டிஸ்லெக்சியா பிள்ளைக்குக் கேட்டுப் படிக்கிற வசதி. என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். ஐந்தாம் வகுப்பு வரை 'மந்தம்' என்று பெயர் வாங்கினவள். ஒரு பழைய போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த பிறகு, வகுப்பில் முதல் ஆளாகக் கணக்கு முடிப்பாள். அப்படிப்பட்ட பிள்ளையிடம் "எல்லோரும் போனை உள்ளே வை" என்று சொல்கிற பள்ளியும் உண்டு. எல்லோருக்கும் டேப் கட்டாயம் என்கிற அதே பள்ளியாகக்கூட அது இருக்கும். கட்டாயம் என்றால் எல்லோருக்கும் கட்டாயம், தடை என்றால் எல்லோருக்கும் தடை. ஆளைப் பார்த்துச் செய்யத் தெரியாது. இவர்களுக்குக்கூட அந்த மேசையில் விற்கிற டேப் வேண்டாம். பூட்டு மென்பொருள் போட்டதில் இந்த வசதிகளை மாற்ற விடாமல் போகலாம். கடையில் சாதாரணமாக விற்பதே போதும்.

பள்ளியிடம் என்ன சொல்வது? சண்டை வேண்டாம். "டேப் கட்டாயம் என்பதைப் பள்ளித் தலைப்புத்தாளில், கையெழுத்து, முத்திரையோடு எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள். தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ல் சட்டம் வந்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுவும் இருக்கிறது. அது நிர்ணயித்ததற்கு மேல் பள்ளி வாங்கக் கூடாது. அதனால்தான் பணம் பள்ளிக்குப் போகாமல் கம்பெனிக்குப் போகிற மாதிரி ஏற்பாடு. "நாங்கள் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லையே" என்று சொல்லிக்கொள்ளலாம்.

மேலே புகார் கொடுக்கப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது, முதன்மைக் கல்வி அலுவலர் இருக்கிறார். கொடுங்கள், ஆனால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனு அங்கிருந்து ஒரு படி இறங்கும், இன்னொரு படி இறங்கும், கடைசியில் அதே பள்ளித் தாளாளரிடம் "விளக்கம் தருக" என்று வந்து நிற்கும். அவர் "கட்டாயமில்லை, பெற்றோர் விரும்பி வாங்கினர்" என்று எழுதுவார். கோப்பு முடிந்தது. ஆய்வுக்கு வருகிற அதிகாரி ஸ்மார்ட் போர்டு எத்தனை என்று எண்ணுவார். அது எரிகிறதா என்று பார்க்க மாட்டார். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஸ்மார்ட் போர்டைக் கரும்பலகையின் நட்டநடுவில் திருகி வைத்துவிட்டார்கள். ஒரே வருடத்தில் தொடுதிரை செத்தது. பராமரிப்பு ஒப்பந்தம் அதற்கு முந்தின மாதமே முடிந்திருந்தது. கழற்றினால் தணிக்கையில் கேள்வி வரும் என்று யாரும் தொடவில்லை. நான் ஓய்வு பெறுகிற வரை ஓரத்தில் மிச்சமிருந்த இரண்டடிப் பலகையில்தான் இயற்கணிதம் நடத்தினேன்.

அதனால் பணத்துக்காக வேறு கதவுகளைத் தட்டுங்கள். நிதி நிறுவனம் 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், தொலைபேசி 14448. டேப் கம்பெனி பணத்தைத் திருப்ப மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. "நான் முடித்துத் தருகிறேன், இரண்டாயிரம் கொடுங்கள்" என்று வாசலில் ஒருவர் நிற்பார். ஏற்கெனவே ஒரு நல்ல சட்டைக்காரரை நம்பியாகிவிட்டது, இவர் வேண்டாம்.

இன்றைக்குக் கடன் விஷயம், சனிக்கிழமை சின்னவனின் கண். கண்ணாடி போட்டதும் போர்டில் என்ன தெரிகிறது என்று அவனையே ஒரு போஸ்ட் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.