சாங்ஷன் ஆனால் பணம் வந்துவிட்டதா? டெல்டா வாசகர்களின் ஆங்கிலக் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சோலார், மானியம், ஏற்றுமதி பற்றியவை. எல்லாமே கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டவை. அதனால் சொல்லுக்குப் பொருள் மட்டும் சொல்லாமல், அது எந்தத் தாளில் எப்படி வருகிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மாடியில் ஆன்-கிரிட் சோலார் போட்டோம். கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் ஃபேன் நின்றுவிடுகிறது. இன்வெர்ட்டர் இருக்கிறது என்றுதானே சொன்னார்கள்? ஏமாந்துவிட்டோமா, டீச்சர்? (மன்னார்குடி வாசகர்)

ஏமாறவில்லை. இரண்டு சொற்கள் உங்களைக் குழப்பிவிட்டன.

நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்றால் பேட்டரியோடு சேர்ந்த பெட்டி. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு பொருள் இல்லை. பேனல் தரும் டிசி (ஒரே திசையில் ஓடும்) மின்சாரத்தை, வீட்டில் ஓடும் ஏசி (திசை மாறி ஓடும்) மின்சாரமாக மாற்றும் கருவி, அவ்வளவுதான். பேட்டரி அதில் அடக்கமில்லை.

அடுத்தது கிரிட். மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், துணை மின்நிலையம் எல்லாம் சேர்ந்த வலைப்பின்னல் அது. ஆன்-கிரிட் என்றால் அந்த வலையில் மின்சாரம் இருக்கும்போது மட்டும் ஓடும் அமைப்பு. தெரு முழுக்க மின்சாரம் நின்ற பிறகு உங்கள் மாடியிலிருந்து மட்டும் கம்பிக்கு மின்சாரம் போனால், பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறிய லைன்மேனின் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் அது தானாகவே நின்றுவிடுகிறது. சுற்றிலும் மின்சாரம் போன பின்னும் ஒரு பகுதி மட்டும் தனியே உயிரோடு இருப்பதை ஐலண்டிங் என்பார்கள். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் நாலு பக்கமும் தண்ணீர் சூழத் தனித்து நிற்கும் திட்டுக் கிராமங்களை நினைத்துக்கொள்ளுங்கள், சொல் மறக்காது. உங்களுக்குத் தந்த தாளில் 'ஆன்டி-ஐலண்டிங்' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அது பாதுகாப்பு ஏற்பாடு.

கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய சொல் ஹைப்ரிட். அதில் பேட்டரி உண்டு, விலையும் கூடும். மின் இணைப்பே இல்லாத வயல் கொட்டகைக்கு ஆஃப்-கிரிட்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் கிலோவாட்டையும் யூனிட்டையும் ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள். கிலோவாட் என்பது பம்புசெட்டின் சக்தி மாதிரி. யூனிட், அதாவது கிலோவாட்-ஹவர், அது இறைத்துக் கொட்டிய தண்ணீர் மாதிரி. முன்னது கெபாசிட்டி, பின்னது ஜெனரேஷன். ஒரு கிலோவாட் பேனல் நம் பக்கம் நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குறையும். யார் விற்க வந்தாலும் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

'சப்சிடி அப் டு 78,000' என்று நோட்டீஸ் தருகிறார்கள். நாங்கள் 1 கிலோவாட் போட்டாலும் அவ்வளவு கிடைக்குமா? (பாபநாசம் வாசகி)

கிடைக்காது. 'அப் டு' என்றால் அதிகபட்சம் அவ்வளவு என்று பொருள். 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கான மத்திய அரசு மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000. ஐந்து கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். இந்த உச்சவரம்பைத்தான் 'கேப்டு அட்' என்று எழுதுவார்கள்.

சாங்ஷன் என்றால் ஒப்புதல் என்று படித்தேன். செய்தியில் ஒரு நாட்டின் மீது சாங்ஷன் என்கிறார்கள். எது சரி? (குரூப் தேர்வுக்குப் படிக்கும் கும்பகோணம் மாணவி)

இரண்டும் சரி. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள். தடை என்ற பொருளில் பெரும்பாலும் பன்மையில், 'இம்போஸ்' (விதிப்பது), 'ஆன்' (மீது) ஆகியவற்றோடு வரும். ஒப்புதல் என்றால் 'அக்கார்டட்' (அளிக்கப்பட்டது), 'ஃபார்' (இதற்காக) ஆகியவற்றோடு வரும். மின் இணைப்புத் தாள்களில் வரும் 'சாங்ஷன்டு லோட்' (ஒப்புதல் தந்த மின்சுமை) இந்த இரண்டாவது வகை.

நீங்கள் நாளை அரசு அலுவலகத்தில் உட்காரப்போகிறவர், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சட்டைப் பையில் எட்டாய் மடித்த ஒரு கடிதத்தோடு வந்தார். 'சாங்ஷன் இஸ் அக்கார்டட்' என்று முதல் வரி. யாரோ அதை மட்டும் படித்துச் சொல்ல, பணம் வந்த மாதிரி நினைத்து போர்வெல்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். மடிப்பில் மை அழிந்திருந்த கடைசி வரியில் 'சப்ஜெக்ட் டு அவெய்லபிலிட்டி ஆஃப் ஃபண்ட்ஸ்' என்று இருந்தது. நிதி இருந்தால்தான் என்று அர்த்தம். அந்த ஐந்து வார்த்தையைத் தமிழில் ஒருவர் சொல்லியிருந்தால் அவர் கடன் வாங்கியிருக்க மாட்டார்.

ஆகவே மூன்று படிகளையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். சாங்ஷன் ஒப்புதல். ரிலீஸ் நிதி விடுவிப்பு. டிஸ்பர்ஸ்மென்ட் பணம் கைக்கோ கணக்குக்கோ வருவது. அரசாணைகளில் 'ஷால்' என்றால் செய்தே ஆக வேண்டும். 'மே' என்றால் செய்யலாம், செய்யாமலும் விடலாம்.

குத்துவிளக்கு கேட்டு வெளிநாட்டிலிருந்து மெயில். ப்ரோஃபார்மா இன்வாய்ஸ், எம்ஓக்யூ, லீட் டைம் கேட்கிறார்கள். (நாச்சியார்கோவில் பட்டறைக்காரர்)

கொட்டேஷன் நீங்கள் சொல்லும் விலை. அதை இருவரும் பேசி முடித்தபின் சரக்கு அனுப்பும் முன் தரும் மாதிரிப் பட்டியல் ப்ரோஃபார்மா. சரக்கோடு போவது இன்வாய்ஸ். பணம் வந்ததும் தருவது ரிசீட். எம்ஓக்யூ, ஒரு ஆர்டரில் குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும் என்பது. லீட் டைம், ஆர்டர் வந்த நாளிலிருந்து அனுப்பும் வரை ஆகும் காலம். வார்ப்பு, கடைசல், மெருகு மூன்றுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் தொழிலில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 'லீட்' என்பதன் அதே ஆங்கில எழுத்துகளை 'லெட்' என்று படித்தால் ஈயம். 'லெட்-ஃப்ரீ' என்று அவர்கள் கேட்டால், ஈயம் கலக்காத உலோகமா என்று கேட்கிறார்கள். நேர அவகாசம் என்று நினைத்து 'யெஸ்' போட்டுவிடாதீர்கள். லட்சம் என்பதும் அவர்களுக்குப் புரியாது. 'ஹண்ட்ரட் தௌசண்ட்' என்று எழுதுங்கள்.

டாரிஃப் ஏறிவிட்டது என்று இறால் பண்ணைக்காரர்கள் கவலைப்படுகிறார்கள். கரண்ட் பில்லா? (நாகப்பட்டினம் மாணவர்)

இல்லை. 2025-இல் அமெரிக்கா உயர்த்திய இறக்குமதி வரியைச் சொல்கிறார்கள். டாரிஃப் அரபியிலிருந்து வந்த சொல், அங்கே அதற்கு அறிவிப்பு என்று பொருள். அறிவித்த வீதப் பட்டியல் எதுவும் டாரிஃப்தான், லாட்ஜ் வாடகை உட்பட. மின்சாரத்துக்கான டாரிஃபை அறிவிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.

மகளுக்கு தினம் 20 சொல் மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். நிற்கவில்லை. (திருவாரூர் வாசகி)

நிற்காது. தனிச் சொல்லுக்கு ஒட்டிக்கொள்ள இடம் வேண்டும். வினையோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: 'ஃப்ளோட் எ டெண்டர்' (டெண்டர் விடுவது), 'லெவி எ டாக்ஸ்' (வரி விதிப்பது), 'ரீபே எ லோன்' (கடனை அடைப்பது). பட்டியலுக்குப் பதில் வீட்டு மின்கட்டண ரசீது, வங்கிக் கடன் தாள், நாளிதழின் டெண்டர் அறிவிப்பு. நாளுக்கு மூன்று சொல் போதும்.

கல்லணையை கிராண்ட் அனிகட் என்கிறார்களே, அனிகட் என்றால் என்ன? (திருக்காட்டுப்பள்ளி, ஒன்பதாம் வகுப்பு)

நம் அணைக்கட்டுதான். ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள், அகராதியிலும் ஏறிவிட்டது. முக்கொம்பு மேலணை அப்பர் அனிகட், அணைக்கரை கீழணை லோயர் அனிகட். மேட்டூர் மாதிரி நீரைத் தேக்கி வைப்பது டேம். அனிகட் ஆற்றின் குறுக்கே நின்று நீரை வாய்க்கால்களுக்குத் திருப்பிவிடுவது. தேர்வில் 'அனிகட் டேம்' என்று சேர்த்து எழுத வேண்டாம்.