கணினிக் கேள்வி - பதில்: புது லேப்டாப்பில் லினக்ஸ்

கேள்வி: விண்டோஸ் 11 உடன் வந்த 512 ஜிபி இன்டெல் லேப்டாப். கூடவே உபுண்டு லினக்ஸும் போடலாமென்று பென்டிரைவிலிருந்து பூட் செய்தால், இன்ஸ்டாலர் எஸ்எஸ்டியையே காட்டவில்லை. டிஸ்க்கில் கோளாறா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டுக்கான ஏற்பாடு அது. ஒரே ஒரு எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் அதனால் பெரிய லாபம் கிடையாது, அணைத்துவிடலாம். ஆனால் நேராக பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) போய் அணைத்தால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். பூட் ஆகும்போது பழைய கன்ட்ரோலரை இயக்கும் மென்பொருளான டிரைவரையே அது தேடுவதுதான் காரணம்.

அதனால் முதல் வேலை விண்டோஸில்தான். செட்டிங்ஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய புது லேப்டாப்களில் பெரும்பாலும் நம்மைக் கேட்காமலே ஆன் ஆகியிருக்கும். அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு அணையுங்கள். டிக்ரிப்ட் (பூட்டு நீங்குவது) முடியும்வரை சார்ஜரை எடுக்காதீர்கள். இதைத் தாண்டிப் போனவர்கள்தான் பிற்பாடு கீ கேட்கும் திரை முன்னால் திண்டாடுகிறார்கள்.

அடுத்து விண்டோஸின் பூட் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக் (msconfig) திறந்து, பூட் பக்கத்தில் 'சேஃப் பூட்', 'மினிமல்' இரண்டையும் தேர்ந்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அந்த ரீஸ்டார்ட்டிலேயே பயாஸுக்குள் நுழைந்து விஎம்டியை அணைத்துச் சேமிக்க வேண்டும். ஏசர் மாடல்கள் பலவற்றில் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அந்த வரியே தென்படும். விண்டோஸ் சேஃப் மோடில் வந்து புது டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். அங்கே பின் நம்பர் பல நேரம் எடுபடாது. கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும். உள்ளே போனதும் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட் டிக்கை எடுத்துவிடுங்கள். இனி இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி தெரியும்.

இடம் ஒதுக்குவதையும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்வது நல்லது. சி டிரைவை 1,02,400 எம்பி சுருக்கினால் உபுண்டுவுக்கு 100 ஜிபி. சில ஜிபிக்கு மேல் சுருங்க மறுத்தால், நகர்த்த முடியாத பேஜ்ஃபைலும் ஹைபர்னேஷன் ஃபைலும் நடுவில் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். விண்டோஸை முழுதாக அணைக்காமல் வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை மட்டும் நிரந்தரமாக அணையுங்கள். ஆனில் இருந்தால் விண்டோஸ் பார்ட்டிஷனில் லினக்ஸிலிருந்து எதையும் எழுத முடியாமல் போகலாம். இன்ஸ்டால் செய்யும்போது, சில நூறு எம்பி மட்டுமே உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். விண்டோஸின் பூட் ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன. செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் பாதுகாப்பு) அப்படியே இருக்கலாம், உபுண்டு அதை ஏற்கும்.

கேள்வி: ஏஎம்டி லேப்டாப்பில் டெபியன் 12 லினக்ஸ் போட்டேன். ரியல்டெக் 8852பிஇ வைஃபை வேலை செய்யவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேறு கார்டு வாங்கிவிடட்டுமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: அவசரப்படாதீர்கள். டெபியன் 12-இல் இருப்பது 6.1 கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), இந்தச் சிப்புக்கான டிரைவர் அதற்குப் பிறகுதான் கெர்னலுக்குள் வந்தது. டெபியன் 13-க்கு மாறினால் 6.12 கிடைக்கும். அதுவரை ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் கார்டு மாற்றத்தான் வேண்டுமென்றால், உங்கள் லேப்டாப்பில் அது போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழற்ற முடிந்தால், கடையில் இன்டெல் ஏஎக்ஸ்210 என்று கேளுங்கள். பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் ஏஎக்ஸ்211 கார்டு இன்டெல் பிராசஸர்களோடு மட்டும்தான் வேலை செய்யும். கடைக்காரர் 'இரண்டும் ஒன்றுதான் சார்' என்றாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிவிடுகிறது. பேட்டரி போய்விட்டதா?
- வாசகர், தாம்பரம்

பதில்: இல்லை. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரமென்று படிக்கிறது. உபுண்டு டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையோடு 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' சேர்த்து (timedatectl set-local-rtc 1) ஒருமுறை கொடுத்துவிட்டு, விண்டோஸில் நேரத்தை ஒருதடவை சிங்க் செய்யுங்கள்.