சிராங்கு அண்ணாச்சி பதில்கள்: ராத்திரி படகை எங்கே கட்ட?

(சிராங்கு என்றால் படகை ஓட்டும் தலைவர். பதில் சொல்பவர் புன்னைக்காயல்காரர். தூத்துக்குடியிலும் கொல்லத்திலும் விசைப்படகு ஓட்டி ஓய்ந்தவர். இந்த இதழ் முழுக்கப் படகுக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.)

கேள்வி: அண்ணாச்சி, 2016-ல் மத்திய அரசு 111 தேசிய நீர்வழிகளை அறிவித்தபோது நம் தாமிரபரணியையும் சேர்த்தது. சுலோசன முதலியார் பாலத்திலிருந்து புன்னைக்காயல் வரை என்று போட்டிருக்கிறது. நாலு பேர் ஒரு ஃபைபர் படகில் இறங்கினால் எங்கெங்கே நிறுத்தலாம், எங்கே ராத்தங்கலாம்?
(வங்கி ஊழியர், பாளையங்கோட்டை)

பதில்: பட்டியல்ல பேர் ஏறிட்டா ஆத்துல தண்ணி ஏறிருமா தம்பி? வைகையும் அதே பட்டியல்லதான் இருக்கு. மதுரைக்காரங்ககிட்ட கேட்டுப் பாரும், சிரிப்பாங்க.

உம்ம வழிய நானே சொல்லுதேன். 1843-ல திறந்த அந்தப் பாலத்தடியிலேயே பாறை. கோடையில அங்க படகை இறக்கினா மோட்டார் காத்தாடி முதல் ஃபர்லாங்குலயே பாறையில அடிக்கும். சீவலப்பேரியில சித்தாறு வந்து சேருது, அங்க கொஞ்சம் தண்ணி கூடும். அதுக்குக் கீழ மருதூர் அணைக்கட்டு, அப்புறம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. தாமிரபரணியில மொத்தம் எட்டு அணைக்கட்டு, அதுல கடைசி ரெண்டும் உம்ம பாதையில நிக்கி. ரெண்டும் தண்ணிய மறிச்சுக் கால்வாய்ல திருப்பிவிடக் கட்டுனது. படகை ஏத்தி இறக்குற லாக் எதுலயும் கிடையாது. நாலு பேரும் படகைத் தோள்ல தூக்கிச் சுமந்தாத்தான் உண்டு. ஸ்ரீவைகுண்டம் தாண்டினா கோடையில முழங்கால் தண்ணி, மணல், உடை முள்ளு.

அதுபோக 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் கடைத்தெரு முங்குனதை நீங்க டிவியில பாத்திருப்பீங்க. அதுக்குப் பிறகு ஆத்துல மணல்திட்டு எல்லாம் இடம் மாறிக் கிடக்கு. முன்னாடி தெரிஞ்ச ஆழத்தை நம்பி இப்ப யாரும் படகு விடக்கூடாது.

மோட்டார் படகு மிதக்கிறது புன்னைக்காயல் முகத்துவாரத்தை ஒட்டின கடைசிச் சில கிலோமீட்டர்தான். அதுவும் கடல் தண்ணி ஏறுற ஏத்தத்துல உள்ள போய், அது இறங்குற வத்தம் தொடங்குறதுக்கு முன்னாடி திரும்பிரணும். அரை நாள் சோலி. ராத்தங்க ஆசையிருந்தா செங்கோட்டை வழியா கொல்லம் ரயிலைப் பிடியும். அடுத்த பதிலைப் படிக்காம டிக்கெட் எடுக்காதேயும்.

கேள்வி: கொல்லத்திலிருந்து ஆலப்புழை, அங்கிருந்து வேம்பநாட்டுக் காயல் வழியே கொச்சி. ஐந்து பேர், நண்பரின் 8 மீட்டர் டீசல் படகு. ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு இரண்டே இரவில் முடிக்கத் திட்டம். தங்குமிடங்களைச் சொல்லுங்கள்.
(ஆசிரியர், சங்கரன்கோவில்)

பதில்: சார், இந்தக் கணக்கு ரோட்டுக் கணக்கு. காயல்ல செல்லாது.

கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையோட சுற்றுலாப் படகே கொல்லத்துலருந்து ஆலப்புழைக்கு எட்டு மணி நேரம் எடுக்கும். அந்த சிராங்குக்கு ஒவ்வொரு வளைவும் அத்துபடி. சாப்பாட்டுக்கும் டீக்கும் எங்க நிப்பாட்டணும்னு தெரியும். உங்களுக்கு வழி புதுசு. வாய்க்கால்ல வீட்டு வாசல் ஓரமாப் போறப்ப வேகத்தைக் குறைக்கணும். இல்லாட்டி உங்க அலை அங்க துணி துவைக்குற பொம்பளையோட படித்துறையில ஏறும், அவங்க மலையாளத்துல திட்டுறது உங்களுக்கே புரியும். எல்லாம் சேத்து மணிக்கு எட்டு கிலோமீட்டர் கிடைச்சாலே பெருசு.

அதனால கணக்கைப் பின்னாலருந்து போடுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு நங்கூரம் பாய்ச்சியாகணும். ஹவுஸ்போட்டுகளே அஞ்சரைக்கு ஒதுங்கிரும். ராத்திரி காயல் மீனவங்களோடது, குறுக்க வலை கிடக்கும். உங்க காத்தாடியில வலை சுத்துனா உங்களுக்கும் நஷ்டம், அந்த வீட்டுக்கும் அன்னைக்கு அடுப்பு எரியாது. காலையில எட்டரைக்குக் கிளம்பி, பாலம், டீ, வழி கேக்குறதுன்னு போக மிச்சம் அஞ்சு மணி நேர ஓட்டம். நாளுக்கு நாப்பது கிலோமீட்டர், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. ரெண்டு ராத்திரி பத்தாது, நாலு வேணும்.

முதல் நாள் அஷ்டமுடிக் காயலைத் தாண்டி சவறா வாய்க்கால்ல ஏறி ஆலங்கடவு வரைக்கும். கெட்டுவள்ளம், அதான் ஹவுஸ்போட்டா மாத்துற பெரிய மரப்படகு, கட்டுற ஊரு, படகுன்னா என்னன்னு தெரிஞ்ச ஆளுங்க. வாய்க்கால் நடுவுல நங்கூரம் போடக்கூடாது, போற வர்ற படகுக்கு வழி மறிக்கும். ஜெட்டியில, அதான் படகுத்துறையில, கேட்டுட்டுக் கட்டுங்க. கொஞ்சம் வடக்க அமிர்தபுரி, அங்கயும் ஜெட்டி இருக்கு.

ரெண்டாம் நாள் காயங்குளம் காயல். ரெண்டு பக்கமும் சீனவலைக் கால்கள். அகலமாத் தெரியும், ஆனா ஆழம் வழித்தடத்துல மட்டுந்தான். குறுக்குவழின்னு விலகுனா சேத்துல உக்காந்துருவீங்க. அதுக்கு வடக்க திருக்குன்னப்புழையில லாக். எப்பத் திறப்பாங்கன்னு முந்தின நாளே போன்ல கேட்டு வச்சுக்கிடுங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மூடின கதவு முன்னாடி போய் நின்னா அன்னைக்குத் திட்டம் போச்சு. எல்லா இரவுக்கும் ரெண்டு இடம் குறிச்சு வைக்கச் சொல்லுதது இதுக்குத்தான். ஒண்ணு நீங்க போக ஆசைப்படுற இடம். இன்னொண்ணு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துருற இடம். மூணரை மணிக்கு ரெண்டாவது இடத்தைக் கடக்கும்போது முடிவெடுத்துரணும், நாலரைக்கு இல்ல.

மழை நேரமா இருந்தா தோட்டப்பள்ளி ஸ்பில்வே பக்கத்துல ஜாக்கிரதை. குட்டநாட்டு வெள்ளத்தைக் கடலுக்கு வடிய விடுறதுக்குக் கட்டுனது. ஷட்டர் திறந்திருந்தா நீவாடு, அதான் நீரோட்டம், அங்கிட்டு இழுக்கும்.

மூணாவது ராத்திரி ஆலப்புழை. புன்னமடை ஓரம் ஹவுஸ்போட்டு ஜெனரேட்டர் சத்தத்துல தூக்கம் வராது. கொஞ்சம் தள்ளிப் போங்க.

நாலாவதுதான் விஷயம். எல்லாரும் குமரகம் குமரகம்னு ஓடுவாங்க. குமரகம் வேம்பநாட்டுக்குக் கிழக்குக்கரை. மத்தியானத்துக்கு மேல கடக்காத்து மேக்கேருந்து வீசும், காயல் முழுக்க ஓடி வந்த அலை அந்தக் கரையிலதான் மோதும். சின்னப் படகு ராத்திரி எட்டு மணி வரைக்கும் குத்திக்கிட்டே கிடக்கும். எதிர்ல மேற்குக்கரையில முகம்மா இருக்கு. அங்க கரையும் தென்னையும் காத்தை மறைக்கும், தண்ணி எண்ணெய் மாதிரி கிடக்கும். பாதிராமணல் தீவைப் பகல்ல பாத்துட்டு சாயங்காலம் முகம்மா பக்கம் ஒதுங்குங்க. விடியக்காலம் காத்து திரும்பிக் கிழக்கேருந்து வரும், அது மெல்லிசுதான். ஆனா படகு நங்கூரத்தைச் சுத்தி வட்டமடிக்க இடம் விட்டுப் போடணும்.

போட்டோ எடுக்க நல்லாருக்குன்னு ஒரு கரையைத் தேர்ந்தெடுக்காதீங்க சார். தண்ணிக்கு அடியில என்ன இருக்கு, காத்து எங்கிட்டுருந்து வருது, இந்த ரெண்டையும் பாத்துட்டு அப்புறம் தென்னைமரத்தைப் பாருங்க.

அடுத்த நாள் தண்ணீர்முக்கம் பண்டு, அதான் காயல் குறுக்க கட்டுன தடுப்பணை. கடல்மட்டத்துக்குக் கீழ கிடக்குற குட்டநாட்டு வயல்ல உப்புத்தண்ணி ஏறாம இருக்க, டிசம்பர் நடுவுல ஷட்டரை இறக்கி மார்ச் நடுவுல தூக்குறது வழக்கம். சில வருஷம் தள்ளியும் போகும். படகு போக லாக் உண்டு, அதையும் முந்தியே கேட்டுக்கிடுங்க. பண்டுக்குத் தெக்க அந்த மாசங்கள்ல ஆகாயத்தாமரை அடைச்சுக் கிடக்கும். எஞ்சினுக்குத் தண்ணி இழுக்குற வழியில அது போய் உக்காந்தா அஞ்சே நிமிஷத்துல சூடாகி நின்னுரும். பின்னால தண்ணி பீச்சுற குழாயில ஒரு கண்ணு இருக்கட்டும்.

டீசல் பங்க் எல்லாம் ரோட்டோரம், கரையில இல்ல. டேங்கில மூணுல ஒரு பங்கு எப்பவும் கையிருப்பா வச்சுட்டு மிச்சத்தை மட்டும் கணக்குல எடுங்க.

கேள்வி: நங்கூரம் எவ்வளவு எடை, எவ்வளவு கயிறு? கடையில் நாலு கொக்கி நங்கூரம்தான் கிடைக்கிறது. போதுமா?
(மீன்பிடிக் குடும்பத்து இளைஞர், பெரியதாழை)

பதில்: நம்ம கடல்ல பாறையிலயும், தண்ணிக்கடியில கிடக்குற பாருலயும் கொக்கி நங்கூரம் பிடிக்கும். காயல் சேத்துல உழுதுக்கிட்டுத்தான் வரும். அங்க தகடு வச்ச டேன்ஃபோர்த் வகை வேணும், சேத்துக்குள்ள புதைஞ்சு பிடிக்கிறது.

எடையைவிடக் கயிறு முக்கியம் மாப்ளே. தண்ணி ஒரு பாகம், அதாவது ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அணியம், அதான் படகோட முன்பக்கம், தண்ணிக்கு மேல ஒரு மீட்டர். ரெண்டையும் கூட்டி மூணுன்னு வையும். அமைதியான ராத்திரிக்கு அஞ்சு மடங்கு, பதினஞ்சு மீட்டர். காத்து இருந்தா ஏழு மடங்கு, இருபத்தொண்ணு. நங்கூரத்துப் பக்கம் ரெண்டு மூணு மீட்டர் சங்கிலி இருந்தா இழுப்பு தரையோட படிஞ்சு வரும். நேரா மேல தூக்குற மாதிரி இழுத்தா எந்த நங்கூரமும் பிடுங்கிட்டு வந்துரும்.

வீசி எறியாதேயும். காத்துக்கு எதிரா அணியத்தைத் திருப்பி, படகு நின்ன பிறகு மெள்ள இறக்கும். படகு தானாப் பின்னால போகட்டும், கயிறு விட்டுக்கிட்டே இரும். கடைசியில ரிவர்ஸ்ல மெதுவா ஒரு இழுப்பு. அப்பக் கயிறு மேல உள்ளங்கையை வையும். பிடிச்சிருந்தா கயிறு விறைப்பா, அசையாம நிக்கும். உழுதுன்னா கைக்குக் கரகரன்னு ஒரு அதிர்வு வரும், விட்டு விட்டு. அது வந்தா சோம்பல் படாம எடுத்துட்டு மறுபடி போடும்.

பிறகு கரையில ரெண்டு பொருளை ஒரே நேர்ல வச்சுப் பாத்துக்கிடும், முன்னால ஒரு தென்னை, பின்னால ஒரு விளக்குக் கம்பம்னு. ராத்திரி எழுந்து பாக்கும்போது கம்பம் தென்னையை விட்டு விலகிக்கிட்டே போனா படகு நகருது. படகு சுத்துனாலும் கொஞ்சம் விலகும், ஆனா திரும்பி வந்துரும். செல்போன் ஆப் இருக்குன்னு சொல்லுவீரு. இருக்கட்டும், சார்ஜ் இருக்குற வரைக்கும்.

ஒண்ணு மட்டும் எப்பவும் செய்யாதேயும். பின்பக்கத்துல நங்கூரக் கயிறைக் கட்டாதேயும். அலை பின்னாலருந்து ஏறி எஞ்சினை முக்கிரும்.

கேள்வி: மாமனார், இரண்டு குழந்தைகளோடு ஆலப்புழையில் ஹவுஸ்போட் எடுக்கிறோம். இரவு கரையில் கட்டச் சொல்வதா, காயல் நடுவில் நிறுத்தச் சொல்வதா?
(இல்லத்தரசி, தென்காசி)

பதில்: கரையிலதாம்மா. ராத்திரி பெரியவருக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். கொசு கூட இருக்கும், ஓடோமாஸ் வாங்கிக்கிடுங்க.

ஏறுறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு எண்ணிப் பாருங்க. பிள்ளைங்க அளவுக்கு இருக்கான்னு போட்டுப் பாருங்க. 2023 மே 7 கேரளத்துத் தானூர்ல படகு கவுந்து 22 பேர் செத்தது அளவுக்கு மிஞ்சி ஆள் ஏத்துனதால. அதுவும் இருட்டுற நேரம். எத்தனை பேருக்கு லைசென்ஸ்னு படகுலயே எழுதியிருக்கணும். இல்லைன்னா அட்வான்ஸ் போனாலும் பரவால்லன்னு இறங்கிருங்க. மாமனார் முறைப்பாரு, முறைக்கட்டும்.

கேள்வி: புன்னைக்காயலில் கடலுக்குள் இறங்கி, வான் தீவு ஓரம் நங்கூரம் போட்டு ஒரு ராத்திரி தங்கலாமா?
(கல்லூரி மாணவர், திருச்செந்தூர்)

பதில்: கூடாது. மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவும் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமப் போனா வனத்துறை பிடிக்கும். பிடிக்காட்டியும் உம்ம நங்கூரம் விழுறது பவளப்பாறை மேல. அந்தத் தீவு ஏற்கனவே தேய்ஞ்சுக்கிட்டே வருதுன்னு செயற்கைப் பாறை போட்டுக் காப்பாத்திக்கிட்டிருக்காங்க.

கேள்வி: நண்பரின் படகு என்றால் லைசென்ஸ் எதுவும் தேவையில்லையே?
(தொழிலதிபர், வள்ளியூர்)

பதில்: யாரு சொன்னா? 2021-ல உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் புதுசா வந்துருக்கு, 1917-ல போட்ட பழைய சட்டத்துக்குப் பதிலா. பதிவு, சர்வே சான்றிதழ், ஓட்டுறவருக்குத் தகுதிச் சான்று எல்லாம் கேப்பாங்க. நண்பர்கிட்ட காகிதத்தை வாங்கி பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சுக்கிடும்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, சிராங்காக நீங்களே எங்களோடு வருவீர்களா?
(சங்கரன்கோவில் ஆசிரியரின் மனைவி, தனிக் கடிதத்தில்)

பதில்: வருவேன்மா. டீசலும் சாப்பாடும் சார் கணக்கு. ஜனவரி, பிப்ரவரியில வச்சுக்கிடுங்க. வைகாசி பாதிக்கு மேல கூப்பிட்டா வர மாட்டேன், கேரளத்துல மழை இறங்கிரும். சார்கிட்ட நாலு ராத்திரின்னு உறுதியா எழுதி வாங்குங்க, ரெண்டுன்னா வேற ஆளைப் பாத்துக்கிடட்டும்.