மஸ்டாங் பின்பக்கக் கன்ட்ரோல் ஆர்ம்: கேள்வி பதில்

வந்த கேள்விகள் எல்லாமே 1979 முதல் 2004 வரையிலான ஃபோர்டு மஸ்டாங் கார் பற்றியவை. அதில் பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே துண்டான ஆக்ஸில். அதைப் பாடியோடு பிடித்து நிறுத்த நான்கு கன்ட்ரோல் ஆர்ம்கள்: கீழே இரண்டு, மேலே சாய்வாக இரண்டு. 1999 முதல் வந்த கோப்ரா என்ற மஸ்டாங் வகையின் பின்பக்க அமைப்பு வேறு, அதற்கு இந்தப் பதில்கள் பொருந்தாது.

கே: வேகமாகக் கிளப்பினால் பின்சக்கரங்கள் தடதடவென்று குதிக்கின்றன. ஆர்ம் மாற்றினால் சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகும். கம்பெனி கொடுத்த கீழ் ஆர்ம் தகட்டை மடித்துச் செய்தது, அடிப்பக்கம் திறந்தே இருக்கும். ஆக்ஸில் முறுக்கும்போது ஆர்மும் அதன் முனைகளில் உள்ள ரப்பர் உருளையான புஷ்ஷும் வளைந்து இடம் கொடுக்கின்றன. டயரின் பிடி விட்டதும் எல்லாம் பழைய நிலைக்குத் துள்ளித் திரும்பும், மறுபடி முறுக்கும். இதை அடக்கத்தான் ஃபோர்டு 1980களின் நடுவில் ஆக்ஸிலுக்குப் படுக்கைவாட்டில் இரண்டு சிறிய ஷாக்குகளைச் சேர்த்தது. பெட்டி வடிவக் கீழ் ஆர்ம் ஒரு ஜோடி போடுங்கள், போட்ட காசுக்குப் பலன் தெரியும். ஷாக் அப்சார்பர் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

கே: நான்கு ஆர்மும் ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ்ஷோடு செட்டாகவே கிடைக்கிறது. வாங்கலாமா சார்?

வளைவுச் சாலைகளில் ஓட்டுபவர் என்றால் தயவுசெய்து வேண்டாம். மேல் ஆர்ம்களுக்கு இரண்டு வேலை. ஆக்ஸில் உருளாமல் தடுக்க வேண்டும், பக்கவாட்டில் நகராமலும் பிடிக்க வேண்டும். வளைவில் வண்டி சாயும்போது சாய்வான அந்த இரண்டும் தாராளமாக முறுக வேண்டும். ரப்பர் நெகிழ்ந்து கொடுப்பதால்தான் இந்த அமைப்பே வேலை செய்கிறது. அங்கே கெட்டியான புஷ் போட்டால் சஸ்பென்ஷன் இறுகிப் பூட்டிக்கொள்ளும். அதுவரை ஒழுங்காகத் திரும்பிய வண்டியின் பின்பக்கம் முன்னறிவிப்பே இல்லாமல் வழுக்கும். ஈரச் சாலையில் இது உயிருக்கே ஆபத்து.

மேலே ரப்பரே இருக்கட்டும், புதிதாக இருந்தால் போதும். ஒன்றைக் கவனியுங்கள்: மேல் ஆர்மின் பின்முனை புஷ் ஆர்மோடு வராது. ஆக்ஸிலின் நடுவிலுள்ள டிஃப்ரன்ஷியல் ஹவுசிங்கின் (பல்சக்கரப் பெட்டியின்) மேலுள்ள காது போன்ற வளையத்துக்குள் அழுத்திச் செருகியிருக்கும். ஆர்மை மட்டும் மாற்றினால் அந்தப் பழைய, வெடித்த புஷ் அப்படியே நிற்கும். நேர்கோட்டு டிராக் பந்தயம் மட்டும் ஓடும் வண்டி என்றால் கணக்கு வேறு, அங்கே கெட்டிப் புஷ் சரிதான்.

கே: அப்படியானால் கீழ் ஆர்முக்கு எது நல்லது?

ஒரு முனையில் உருண்டை பேரிங், மறுமுனையில் பாலியூரித்தேன். இறுக்கமும் கிடைக்கும், முறுகவும் வழி இருக்கும். இரண்டு முனையிலும் பேரிங் போட்டால் சாலைச் சத்தம் உள்ளே கேட்கும். பாலியூரித்தேனுக்குக் கிரீஸ் வைக்காவிட்டால் கிறீச்சிடும்.

கே: வண்டியைத் தாழ்த்தியபின் நெடுஞ்சாலையில் தரை அதிர்கிறது, அண்ணா.

உயரம் மாறியதும் பினியன் கோணமும், அதாவது டிஃப்ரன்ஷியலுக்குள் நுழையும் தண்டின் சாய்வும், மாறியிருக்கும். நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது அளந்து பாருங்கள். நீளம் மாற்றக்கூடிய மேல் ஆர்மால் திருத்தலாம். அப்போதும் ஹவுசிங் பக்கத்து ரப்பரை விட்டுவிடாதீர்கள்.

கே: எஞ்சின் பவர் கூட்டியிருக்கிறேன். வேறு எதைப் பார்க்க வேண்டும்?

ஆர்ம்கள் பாடியில் பொருந்தும் இடத்தை, அதாவது டார்க் பாக்ஸை. ஸ்பாட் வெல்டிங் விட்டு, தகடு கிழிவது இந்த வண்டிகளில் பழைய நோய். விரிசல் இருந்தால் முதலில் அதை வெல்டிங் செய்து பலப்படுத்துங்கள், ஆர்ம் அப்புறம்.

கே: வீட்டிலேயே மாற்றலாமா?

செய்யலாம், ஆனால் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேலேயே அழுந்தி உட்கார்ந்திருக்கிறது. அதன் அழுத்தத்தை ஜாக்கால் மெதுவாக இறக்காமல் போல்ட்டைக் கழற்றக் கூடாது. பாடியைக் கெட்டியான ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு ஆர்மை மட்டும் கழற்றுங்கள், ஆக்ஸில் உருளாது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்களைக் கடைசியாக இறுக்குவது வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். கொஞ்ச நாள் ஓட்டியபின் எல்லாப் போல்ட்டையும் டார்க் ரென்ச்சால் மறுபடி பாருங்கள்.