இதயத்துக்கு ஏது பண்பாடு?

கேள்வி: வேலை அழுத்தம், குடும்பத்துக்கு நேரமில்லை என்பதெல்லாம் சொகுசாக வாழும் நாட்டவரின் பேச்சுதானே? இரவு பகல் பாராமல் உழைப்பதையே பண்பாடாகக் கொண்ட ஜப்பானியர்கள் முன்னேறவில்லையா?

பதில்: மிகையான வேலையால் நேரும் சாவுக்குக் 'கரோஷி' என்று தனிப்பெயர் வைக்க நேர்ந்ததும் அதே ஜப்பானியர்களுக்குத்தான். அந்தச் சாவுகளைத் தடுக்க 2014இல் அவர்கள் தனிச்சட்டமே இயற்றினார்கள். 2019 முதல் ஓவர்டைமுக்கு மாதம் 45 மணி நேரம் என்று பொது வரம்பும் கட்டினார்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். எந்த நாட்டவருடைய ரத்தக்குழாய் என்று பார்த்தா அடைப்பு வருகிறது?

பண்பாடு புகுந்துகொள்ளும் இடம் வேறு. மேலதிகாரியின் அறையில் விளக்கு அணையும்வரை, முடித்துவிட்ட வேலையையே மறுபடி திறந்து வைத்துக்கொண்டு நாற்காலியில் இருக்கிறார்களே, அந்தத் தயக்கத்தில்தான் அது இருக்கிறது. ஜப்பானில் தந்தையருக்கும் குழந்தை வளர்ப்பு விடுப்பு சட்டத்தில் இருந்தும், நெடுங்காலம் மிகச் சிலரே அதை எடுத்தார்கள். ஸ்வீடனிலும் தொடக்கம் அப்படித்தான்: 1974 முதலே தந்தையும் எடுக்கலாம் என்றிருந்த விடுப்பைப் பெரும்பாலும் தாய்மாரே எடுத்துவந்தார்கள். 1995இல், மனைவிக்கு மாற்றித் தர முடியாதபடியும் எடுக்காவிட்டால் வீணாகும்படியும் ஒரு மாதத்தைத் தந்தைக்கென ஒதுக்கிய பிறகுதான் ஆண்கள் வீட்டில் தங்கத் தொடங்கினார்கள். இன்று அந்த ஒதுக்கீடு 90 நாட்கள். 'எனக்கு வேண்டும்' என்று கேட்க வேண்டிய சங்கடத்தையே சட்டம் எடுத்துவிட்டது.

ஊழியர் நலன் என்ற பெயரில் வேலை நேரத்துக்குப் பிறகு மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தும் நிறுவனங்களும் இதைக் கவனிக்க வேண்டும். வேலையின் அளவைக் குறைக்காமல் மூச்சை மட்டும் சீராக்கச் சொல்வது, சுமையை ஏற்றியவர்களே சுமப்பவரைக் குறை சொல்வதாகும்.

சாப்பாட்டு வேளையில் அலுவலக அழைப்பு வருகிறது. பள்ளியில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்த குழந்தை பாதியில் நிறுத்திக் காத்திருக்கிறது. அப்பா போனைக் கீழே வைத்துவிட்டு 'என்ன சொன்னாய்?' என்று கேட்டால், 'ஒன்றுமில்லை' என்கிறது. அந்தக் குழந்தை கேட்பதைச் சொகுசு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.